வீடு நல்ல வடிவு, உள்ளே இருக்கத்தான் ஏலாது: காலநிலை மாற்றமும் கட்டடக்கலைஞரின் வேலையும்

2022 பங்குனிக் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அந்த நாட்களில் ஒரு பின்னேரம் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் நிலாவெளிக்கு அலுவலாகப் போனபோது, நாலு வருடத்துக்கு முன் நான் பிளான் கீறிக் கொடுத்த வீட்டையும் ஒருக்கால் எட்டிப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா முற்றத்து வேம்புக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி வைக்கச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டார். பிறகு சொன்னார்:

“பிள்ளை, வீடு நல்ல வடிவு. பாக்கிற ஆக்களெல்லாம் ஆர் கீறினதெண்டு கேக்கினம். உள்ள இருக்கத்தான் ஏலாது.”

அதில் கோபமோ குறையோ இருக்கவில்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். அதனால்தான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

அந்த வீட்டுக்குக் கொங்கிறீற் சிலாப் கூரை. பிறகொரு நாள் மேல்மாடி கட்டலாம் என்பதற்காக. மேற்குப் பக்கம் வயல்வெளி தெரிகிறது என்று நிலத்திலிருந்து கூரை வரை கண்ணாடி. இரண்டு அறைகளுக்கு ஏசி. கேட்டதெல்லாம் கொடுத்திருந்தேன், நானாகவும் சிலதைச் சேர்த்திருந்தேன். காசு கொடுத்தவருக்குத் திருப்தி, சட்டப்படி எல்லாம் சரி, படம் எடுத்தால் வடிவு. நான் படித்த காலத்தில் நல்ல கட்டடக்கலைஞர் என்பதற்கு இவ்வளவும் போதுமாக இருந்தது.

காலநிலை மாறிக்கொண்டு வரும்போது இந்த அளவுகோல் போதாது என்ற பேச்சு, உலகெங்கும் கட்டடக்கலைஞர்களிடையே சில வருடங்களாகச் சூடாக நடக்கிறது. அந்தப் பேச்சை இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கும் விளங்கும்படி எழுத வேண்டும் என்பது என் ஆசை. வீடு கட்டப் போகிறவர், கட்டிவிட்டுக் கடன் அடைப்பவர், மேசன் வேலை செய்பவர், படம் கீறிக் கொடுப்பவர் என்று எல்லாருக்கும் இதில் பங்கு இருக்கிறது. எங்கள் பக்கம் பெரும்பாலான வீடுகள் கட்டடக்கலைஞரிடம் வருவதே இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சீமெந்துப் பைக்குள் இருக்கும் புகை

காலநிலை மாற்றம் என்றதும் வாகனப் புகையும் தொழிற்சாலைக் குழாயும்தான் மனதில் வரும். வீடு ஓரிடத்தில் பேசாமல் நிற்கிறது, அது யாருக்கு என்ன செய்தது என்று தோன்றும். ஆனால் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பின் கணக்குப்படி, சக்திப் பாவனையாலும் தொழிற்சாலைச் செயன்முறைகளாலும் உலகில் வெளியேறும் காபனீரொட்சைட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கட்டடங்களோடும் கட்டுமானத்தோடும் சேர்ந்தது.

இந்தப் புகை இரண்டு வழியாக வருகிறது. குடிபுகுந்த பிறகு வருவது ஒன்று: விளக்கு, ஃபேன், ஏசி, தண்ணீர் மோட்டர். இதை நாங்கள் மாதாமாதம் கரண்ட் பில்லில் பார்க்கிறோம். மற்றது குடிபுகுவதற்கு முன்பே வெளியேறி முடிந்துவிடும். சீமெந்து, கம்பி, கண்ணாடி, அலுமினியம் எல்லாவற்றையும் செய்து, ஏற்றி இறக்கி, கட்டி முடிக்கும்வரை போன புகை அது. இதைப் பொதிந்த காபன் என்று சொல்லலாம். வீட்டுக்குள் பொதிந்து கிடக்கிறது, எந்தப் பில்லிலும் வராது. பால் காய்ச்சும் நாளிலேயே அந்தக் கணக்கு எழுதப்பட்டுவிட்டது. பிறகு எத்தனை விளக்கை அணைத்தாலும் அது குறையாது.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊரான திருகோணமலையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. உள்துறைமுகக் கரையில் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கப்பலில் வந்து இறங்குவது கிளிங்கர் என்கிற கருஞ்சாம்பல் நிறக் கட்டிகள். அவற்றை அரைத்துத்தான் சீமெந்து வருகிறது. அந்தக் கட்டி எப்படி உண்டாகிறது? சுண்ணாம்புக்கல்லைக் களியோடு சேர்த்துச் சூளையில் 1,450 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அவ்வளவு சூட்டுக்கு எரிபொருள் வேண்டும், அதிலிருந்து ஒரு புகை. அதைவிடப் பெரிய பங்கு கல்லுக்குள் இருந்தே வருகிறது. சுண்ணாம்புக்கல் என்பது கல்சியம் காபனேற்று. சூடு ஏறும்போது அது உடைந்து காபனீரொட்சைட்டை விடுகிறது. எரிபொருளை முழுக்க மாற்றி, சூரிய சக்தியிலேயே சூளை நடத்தினாலும் இந்தப் பங்கு போகாது, ஏனென்றால் அது கல்லின் இயல்பு. சாதாரண போர்ட்லண்ட் சீமெந்து 50 கிலோப் பை ஒன்றுக்குப் பின்னால் 40 கிலோ அளவு காபனீரொட்சைட்டு இருக்கிறது. உலகம் முழுவதும் வெளியேறும் காபனீரொட்சைட்டில் 7, 8 வீதம் சீமெந்தால் மட்டும் வருகிறது.

எங்கள் துறைமுகத்துக்கு வரும் கிளிங்கரின் புகை, சூளை இருக்கும் நாட்டில் போய்விட்டது. இங்கே வானம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்றுக்கு எல்லைக்கோடு இல்லை. இலங்கையில் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் சாம்பலைக் கலந்து செய்யும் சீமெந்தும் விற்பனையில் இருக்கிறது. கலவையில் கிளிங்கர் குறைவதால் புகையும் குறைகிறது. சாதாரண வீட்டு வேலைகள் பலவற்றுக்கு அது தாராளமாகப் போதும். கடையில் பை வாங்கும்போது இதைக் கேட்டு வாங்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

மணலையும் சொல்ல வேண்டும். ஐ.நா. கணக்குப்படி உலகம் வருடத்துக்கு 5,000 கோடித் தொன் மணலும் சரளைக்கல்லும் பாவிக்கிறது. எங்களுக்கு அந்த மணல் மகாவலி கொண்டுவந்து தருவது. கொட்டியாரக் குடாவில் கங்கை கடலோடு சேரும் பக்கத்து மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அளவுக்கு மிஞ்சி அள்ளினால் ஆற்றுக் கரை இடியும், உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும், கிணறு கெடும். ஒரு சிலாப் கீறும்போது என் பேனை ஆற்றையும் சேர்த்துத்தான் தொடுகிறது. இது எனக்குப் பல்கலைக்கழகத்தில் விளங்கவில்லை. மூதூருக்குப் போகும் பாதையில், மணல் ஏற்றிய டிப்பர்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த ஒரு நாளில்தான் விளங்கியது.

வெயிலும் கச்சானும்

நிலாவெளி வீடு ஏன் அப்படிச் சுட்டது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் பாதி வீடு தப்பும்.

திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு வரும் நாட்களில் நடுப்பகலில் வெயில் நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடியிலேயே விழும். அதனால் இங்கே ஒரு வீட்டுக்கு ஆகக் கூடுதலான வெயில் விழுவது சுவரில் அல்ல, கூரையில். கொங்கிறீற் அந்த வெயிலைப் பகல் முழுக்கக் குடித்து வைத்துக்கொள்ளும். பொழுது பட்டு, வெளியே காற்று ஆறும் நேரம் பார்த்து அந்தச் சூட்டைக் கீழே, அறைக்குள் விடும். இரவு எட்டு மணிக்கு முற்றத்தில் சுகமாகவும் அறைக்குள் அடுப்பாகவும் இருப்பதற்குக் காரணம் இது. ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி விடும்.

அடுத்தது மேற்குச் சுவர். தெற்குச் சுவருக்கும் வடக்குச் சுவருக்கும் இரண்டரை, மூன்று அடி இறவாரம் போட்டால் வருடத்தில் பெரும்பகுதி நிழல் கிடைத்துவிடும். மேற்கில் அப்படி இல்லை. பின்னேர வெயில் தாழ்ந்து, சரிந்து, கண்ணுக்கு நேரே வரும். எவ்வளவு இறவாரம் போட்டாலும் அதற்குக் கீழால் நுழையும். அங்கே கண்ணாடி வைத்தால் வெயில் உள்ளே வந்துவிடும். உள்ளே வந்த சூடு வெளியே போகாது.

இதோடு கச்சான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. வைகாசி, ஆனி, ஆடியில் உடம்பை உரசும் அந்தக் காற்றை அறியாதவர் இங்கே இல்லை. பின்னேரங்களில் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். ஆகவே மேற்கை அடைத்து, கிழக்கைத் திறக்க வேண்டும். எங்கள் அம்மம்மா காலத்து ஆட்களுக்கு இது பாடம் படிக்காமலே தெரிந்திருந்தது. மேற்கே குசினி, கிணறு, வாழை, கிழக்கே விறாந்தை. நான் அதைத் தலைகீழாகக் கீறியிருந்தேன். வயல்வெளி மேற்கில் இருந்தது, எனக்குக் காட்சி முக்கியமாகப் பட்டது.

திருகோணமலைக் கோட்டைக்குள்ளே மான்கள் படுத்திருக்கும் இடத்தை ஒரு நாள் மத்தியானம் நின்று பாருங்கள். மரநிழலும் காற்றோட்டமும் எங்கே சேருகின்றனவோ சரியாக அங்கேதான் படுத்திருக்கும். நான் மாணவர்களை அங்கே கூட்டிப் போவதுண்டு.

ஏசி போட்டால் தீராதா என்று கேட்பார்கள். ஏசி சூட்டை அழிப்பதில்லை, எடுத்து வெளியே தள்ளுகிறது. பக்கத்து வீட்டு யன்னல் பக்கம்தான் பெரும்பாலும் அந்தப் பெட்டி இருக்கும். அதை ஓட்டும் மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலையில் எரியும் நிலக்கரி. வெயில் கூடக் கூட ஏசி கூடும், ஏசி கூடக் கூட நிலக்கரி கூடும், அது திரும்ப வெயிலாக வரும். ஆஸ்பத்திரிக்கும் நோயாளிக்கும் ஏசி வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஏசி இல்லாவிட்டால் இருக்கவே முடியாத வீட்டைக் கீறுவது என் தொழிலின் பிழை. 2022 அதைக் காட்டிவிட்டது.

பிளானில் இல்லாத வளவு

இனி வருவதுதான் இந்த விடயத்தின் நடுப்பகுதி என்று நான் நினைக்கிறேன்.

கிண்ணியாப் பக்கம் ஒரு வீட்டு வேலை. காணி தாழ்ந்த நிலம்; கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் நிற்கும். காணிக்காரர் மூன்றடி உயரத்துக்கு முழு வளவுக்கும் கிறவல் போடச் சொன்னார், சுற்றிவர மதிலும் கட்டச் சொன்னார். அவருக்கு அது நியாயமான ஆசை. நானும் அப்படியே கீறினேன். அளவெடுக்கப் போன நாளில், பக்கத்து வளவில் இருந்த வயது போன ஐயா ஒருவர் வேலியோரம் வந்து நின்று, படத்தைக் காட்டச் சொன்னார். விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“மகள், இதில எங்கட வளவு எங்க இருக்கு?”

எல்லைக்கோட்டுக்கு அப்பால் வெள்ளைக் கடதாசிதான் இருந்தது. ஒரு வீட்டுப் பிளானில் பக்கத்து வளவைக் கீறும் வழக்கம் இல்லை. ஆனால் மூன்றடி கிறவல் போட்டு, மதிலும் எழுப்பினால், இவ்வளவு காலமும் இந்தக் காணியில் பரவி நின்ற தண்ணீர் அந்த ஐயாவின் வீட்டு வாசலுக்குத்தான் போகும். ஒருவரின் வீட்டைக் காப்பாற்ற நான் இன்னொருவரின் வீட்டுக்குள் வெள்ளம் கீறியிருந்தேன், அது படத்தில் தெரியாதபடி.

பிளானை மாற்றினேன். வீடு நிற்கும் அளவுக்கு மட்டும் நிலத்தை உயர்த்தி, மிச்ச வளவைத் தாழ்வாகவே விட்டோம். மதிலுக்குப் பதிலாக, தண்ணீர் ஊடறுத்துப் போகும்படி கம்பி வேலி. கிறவல் லோட் கணக்கைக் காணிக்காரருக்குப் போட்டுக் காட்டியபோது, அவருக்குச் செலவும் நன்றாகக் குறைந்தது. உடனே ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். இரண்டு கிழமை எடுத்தது.

கட்டடக்கலைஞரின் வேலையை மாற்றி யோசிப்பது என்று உலகம் பேசுவதன் சாரம் எனக்கு இதில்தான் இருக்கிறது. எங்களுக்குக் காசு தருபவர் ஒருவர். எங்கள் கோடு தொடுவது பலரை: பக்கத்து வளவு, ஆற்றுக் கரை, சூளை இருக்கும் நாடு, நாற்பது வருடம் கழித்து அந்த வீட்டில் இருக்கப் போகும் பிள்ளை. அவர்கள் ஒருவரும் எங்களோடு ஒப்பந்தம் எழுதவில்லை. ஆனாலும் அவர்களுக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

கிழக்கில் இருப்பவர்களுக்கு, கேளாமல் கீறிய கோடு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் வீடு கட்டக்கூடாத வலயம் என்று தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என அறிவித்தார்கள். வள்ளத்தையும் வலையையும் கண்முன் வைத்துத் தொழில் செய்யும் குடும்பத்துக்கு 200 மீற்றர் என்பது என்னவென்று முதலில் கேட்டிருக்க வேண்டும். 2005 கடைசியிலேயே விதியைத் தளர்த்த வேண்டி வந்தது. கடலிலிருந்து தள்ளி இருப்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, கடல் மட்டம் உயரும் காலத்தில் அது இன்னும் தேவை. எவ்வளவு தள்ளி, எப்படி என்பதை அங்கே இருப்பவரோடு சேர்ந்துதான் கீற முடியும்.

அதற்குப் பத்து வருடம் கழித்து, வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்றொரு திட்டம் வந்தது. தொழிற்சாலையில் செய்த துண்டுகளைக் கொண்டுவந்து பொருத்தும் வீடு. இந்த வெக்கைக்கு அது ஒத்துவருமா, ஊர் மேசனுக்கு அதில் என்ன வேலை, பழுதானால் யார் திருத்துவது, அதே காசில் எத்தனை கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளர்களும் பொது அமைப்புகளும் மக்கள் பிரதிநிதிகளும் கேள்வி எழுப்பினார்கள். நினைத்த அளவில் அந்தத் திட்டம் நடக்கவில்லை. உருக்கு ஒரு தொன் செய்ய ஏறத்தாழ இரண்டு தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும் என்ற கணக்கும் இன்று அந்தக் கேள்விகளோடு சேர்ந்துகொள்ளும். கீறித் தருகிறேன் என்று போவதைப் போலவே, இது வேண்டாம் என்று கணக்கோடு சொல்வதும் எங்கள் வேலைதான்.

மற்ற இடங்களில் செய்தவர்கள்

பிரான்சில் போர்தோ நகரத்தில் ஒரு சிறிய சதுக்கம். அதை அழகுபடுத்தித் தரும்படி 1996இல் அன் லக்காத்தோன், ஜான் பிலிப் வசால் என்ற இருவரிடம் நகரசபை கேட்டது. அவர்கள் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தார்கள். மரம் இருக்கிறது, இருக்கை இருக்கிறது, ஆட்கள் பந்து விளையாடுகிறார்கள். இது ஏற்கெனவே அழகாகத்தான் இருக்கிறது, கூட்டித் துப்புரவாக்குங்கள், சரளையை மாற்றுங்கள், மரங்களைப் பராமரியுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே நகரத்தில் பழைய மாடிக் குடியிருப்புகளை இடிக்காமல், ஆட்களையும் வெளியேற்றாமல், 530 வீடுகளுக்கு முன்னால் புதிய விறாந்தைகளைச் சேர்த்து விசாலமாக்கியதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. 2021இல் இந்தத் துறையின் ஆகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் அவர்களுக்குக் கிடைத்தது. இடிக்காமல் விடுவதற்கும் விருது உண்டு என்பது எங்களுக்கெல்லாம் புதுச் செய்தி.

அடுத்த வருடம் அந்த விருது புர்கினா பாசோவில் பிறந்த பிரான்சிஸ் கெரேக்குப் போனது. அவர் தன் ஊரான காண்டோவில் 2001இல் கட்டிய பள்ளிக்கூடத்தைப் படத்தில் பார்த்தால் எங்கள் ஊருக்குக் கட்டியது போல இருக்கும். ஊர்க் களிமண்ணில் செய்த கல், ஊராரின் உழைப்பு. மேலே தகரக் கூரை; ஆனால் அது சுவரில் உட்காரவில்லை. களிமண் கல்லில் ஒரு உட்கூரை, அதற்கு மேலே இடைவெளி விட்டுத் தகரம். வெயிலைத் தகரம் வாங்கிக்கொள்ளும், இடையில் சூடாகும் காற்று பக்கத்தால் போய்விடும், வகுப்பறைக்குள் இறங்காது. கரண்ட் வேண்டாம்.

கேரளத்தில் லோரி பேக்கர் என்ற கட்டடக்கலைஞர் சிலாப்பின் அடிப்பக்கத்தில் பழைய ஓடுகளை வைத்துக் கொங்கிறீற் போட்டார். சிலாப் வளையும்போது கீழ்ப்பக்கம் இழுபடும். அந்த இழுவையைத் தாங்குவது கம்பி, கொங்கிறீற் அல்ல. வேலை செய்யாத இடத்தில் எதற்குச் சீமெந்து என்பதுதான் அவர் யோசனை. ஓட்டுக்குள் அடைபடும் காற்று சூட்டையும் தடுக்கும். எங்கள் பக்கம் பழைய வீடு பிரிக்கும்போது அடுக்கி வைத்து, பிறகு உடைத்துக் குழிக்குள் கொட்டும் ஓடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

இலங்கையில் மினெட் டி சில்வாவைச் சொல்லாமல் விட முடியாது. 1948இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் சேர்ந்த முதல் ஆசியப் பெண். கண்டி வட்டப்புளுவை வீட்டுத் திட்டத்துக்குப் படம் கீறுவதற்கு முன், அங்கே குடிவரப் போகிறவர்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டார். 1950களில். நாங்கள் இன்றைக்கும் அதைச் செய்வது குறைவு.

கதை எல்லாம் இப்படி நேராகப் போகவில்லை. 2019 வைகாசியில் பிரித்தானியாவின் பெரிய விருது பெற்ற 17 நிறுவனங்கள் சேர்ந்து, காலநிலை அவசர நிலையை ஏற்று எங்கள் வேலை முறையை மாற்றுவோம் என்று அறிவித்தன. உலகெங்கும் பலர் கையெழுத்திட்டார்கள். ஒன்றரை வருடத்தில், கையெழுத்திட்ட சிலர் விமான நிலையங்களைக் கீறுவது சரியா என்ற சர்ச்சை எழுந்தது. 2020 மார்கழியில், அப்படிக் கையெழுத்திட்டிருந்த ஃபொஸ்டர் நிறுவனமும் சஹா ஹதிட் நிறுவனமும் அந்த அறிவிப்பிலிருந்து விலகிக்கொண்டன. எனக்கு இந்தச் சம்பவம் முக்கியம். விழுமியங்களை எழுதி வைப்பது சுலபம். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் இடத்தில்தான் அவை என்னவென்று தெரியவரும்.

இங்கே காசுப் பேச்சையும் ஒளிக்காமல் பேச வேண்டும். எங்கள் கட்டணம் பெரும்பாலும் கட்டடச் செலவின் வீதமாகக் கணக்கிடப்படுகிறது. வீடு பெருத்தால் என் வருமானம் பெருக்கும். ஒரு அறையைக் குறைக்கலாம், பழைய சுவரை வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னால் என் வயிற்றில்தான் அடி. இந்த முறை இருக்கும்வரை கட்டடக்கலைஞரிடம் நல்ல மனதை மட்டும் எதிர்பார்ப்பது சரிவராது. இப்போது நான் சிறிய வேலைகளுக்கு மணித்தியாலக் கணக்கிலோ, முதலே பேசிய ஒரு தொகைக்கோ செய்கிறேன். அப்போது குறைத்துக் கட்டச் சொல்வதற்கு என் நாக்கு தயங்குவதில்லை. நீங்கள் யாரிடமாவது பிளான் கீறக் கொடுத்தால் இதை முதலிலேயே பேசுங்கள்.

எங்களுக்கு ஏன் இந்தக் கணக்கு?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார்கள், கேட்பது நியாயம். இலங்கையில் ஒருவர் பேரில் வருடத்துக்கு வெளியேறும் காபனீரொட்சைட்டு ஒரு தொன் அளவு. உலகச் சராசரி நாலரைத் தொன்னுக்கு மேல். போரிலும் சுனாமியிலும் வீடு இழந்து, இப்போதுதான் ஒரு கல்வீட்டைக் கண்டிருக்கும் குடும்பத்திடம் போய், சீமெந்தைக் குறை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஓலைக் குடிசைக்குத் திரும்புங்கள் என்று யாராவது எழுதினால் நான் அவரோடு சண்டை பிடிப்பேன். கிடுகுக் கூரையின் குளிர்ச்சியைப் புகழ்கிறவர் அதை வருடா வருடம் வேய்ந்து பார்த்திருக்க மாட்டார்.

எங்களுக்கு இந்தக் கணக்கு வேண்டியது வேறு காரணத்துக்கு. புகை விட்டது யாராக இருந்தாலும் வெக்கையும் வெள்ளமும் புயலும் எங்கள் வாசலுக்கு வருகின்றன. 2020 மார்கழி 2ஆம் திகதி புரெவிப் புயல் எங்கள் ஊருக்கு வடக்கே கரையேறியது. அதற்கு இருபது வருடம் முன் மார்கழியிலும் ஒரு புயல் திருகோணமலைப் பக்கம் கரை தொட்டது. இறக்குமதிக் கிளிங்கரும் கம்பியும் டொலரில் வருபவை. 2022இல் சீமெந்து விலை ஒரு வருடத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியபோது பாதியில் நின்ற வீடுகள் எத்தனை என்று எங்கள் தெருக்களில் எண்ணலாம். குறைந்த சீமெந்தில், கரண்ட் இல்லாமலும் இருக்கக்கூடிய வீடு எங்களுக்குக் கைக்காசுக் கணக்கு, உயிர்க் கணக்கு.

புயல் என்றதும் ஒரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். வெயிலுக்கு நீண்ட இறவாரம் நல்லது, புயல் காற்றோ அதே இறவாரத்தைப் பிடித்துத்தான் கூரையைக் கிளப்பும். வழி இருக்கிறது. விறாந்தைக் கூரையை வீட்டுக் கூரையோடு ஒரே துண்டாகச் சேர்க்காமல் தனியாகக் கட்டினால், விறாந்தை போனாலும் வீடு நிற்கும். வளைகளைச் சுவரோடு கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும், தகரத்துக்கு ஓரங்களில் ஆணியை நெருக்கிப் போட வேண்டும். இதையெல்லாம் படத்தில் கீறிவிட்டு வீட்டில் இருந்தால் நடக்காது. மேசனோடும் தச்சு வேலைக்காரரோடும் ஏணியில் நின்று பேச வேண்டும். நான் கற்றுக்கொண்டதில் பாதி உவர்மலையைச் சேர்ந்த ஒரு மேசன் அண்ணையிடம் கற்றது. எந்தச் சுவர் வெயிலுக்கு வெடிக்கும் என்று அவர் கை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

நிலாவெளி வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். 2023இல் அந்த அம்மாவின் மகனோடு பேசி, கட்டணம் வாங்காமல் சில திருத்தங்கள் செய்தோம். மேல்மாடி கட்டும் யோசனையை அவர்களே விட்டிருந்தார்கள். சிலாப்புக்கு மேலே ஒன்றரை அடி இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் திறந்தபடி, வெள்ளை நிறத் தகரக் கூரை ஒன்று போட்டோம். கெரே செய்ததைப் போல. சிலாப்பில் போல்ட் இறக்கி இறுக்கியிருக்கிறது. மேற்குக் கண்ணாடியில் முக்கால்வாசியைக் கழற்றி, கல் வைத்து அடைத்தோம். கழற்றிய கண்ணாடி கிழக்கு அறைக்கு யன்னலானது. மேற்குச் சுவருக்கு வெளியே பந்தல் கட்டி, அந்த அம்மா கொடித்தோடை நட்டார். ஏறி வந்துவிட்டது.

இப்போது இரவில் உள்ளேதான் படுக்கிறார் என்று மகன் தொலைபேசியில் சொன்னார். எனக்கு அது மட்டும் போதாது. கட்டி முடித்த வீட்டுக்குத் திரும்பிப் போய் அளந்து பார்க்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. இருந்திருந்தால் நான் அந்தப் பாயை நாலு வருடம் கழித்துக் கண்டிருக்க மாட்டேன். வருகிற வைகாசியில், கச்சான் தொடங்கும் கிழமையில், இரண்டு வெப்பமானிகளோடு அங்கே போய் ஒரு இரவு தங்கப் போகிறேன். ஒன்று அறைக்குள், மற்றது வேம்புக்குக் கீழே. தங்குவதற்கு அந்த அம்மா சம்மதித்துவிட்டார். ஏசி அறையில் படுக்கச் சொன்னார், நான் மற்ற அறையைக் கேட்டிருக்கிறேன்.